தறி நடந்த தூரம்

அத்தியாயம் 11

போன வாரம் கலாவதியின் மேல் கோபப்பட்டவர்கள் அந்தக் கோபத்தில் கொஞ்சத்தை இந்த வாரத்துக்கும் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். தப்பே இல்லை. எனக்கே அவள் மேல் கோபம்தான்.

அவளுடைய மாமனார் பிள்ளையார்பாளையம் குமாரசாமிக்கு வயது அறுபத்து நாலு. சர்க்கரை வந்து பதினோரு வருஷம். டாக்டர் ஏலவார்குழலி தன் கிளினிக்குக்கு வருகிறவர்களில் அறுபதைத் தாண்டிய நாற்பது பேரைப் பொறுக்கியெடுத்து ஆளுக்கொரு மீட்டர் கொடுத்தார். இடுப்பில் மாட்டிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும், தீப்பெட்டி அளவில் ஒரு யந்திரம். சாயந்திரம் ஆறு மணிக்கு கிளினிக் கம்ப்யூட்டரிலிருந்து ஒவ்வொரு வீட்டு செல்போனுக்கும் ஒரு எஸ்.எம்.எஸ். வரும். அன்றைய எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். வெறுமனே நடக்கச் சொன்னால் நம்மூர்ப் பெரியவர்கள் எங்கே கேட்பார்கள்? டாக்டரம்மா கெட்டிக்காரி, அதை ஒரு மண்டலம் ஆக்கிவிட்டார். நாற்பத்தெட்டு நாள். முதலில் வருகிறவருக்கு மேடையில் மரியாதை.

குமாரசாமிதான் முதல். பெரும்பாலான நாள் பத்தாயிரத்துக்குக் குறையவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் காபி கொடுக்கப் போன கலாவதி, அந்த மீட்டர் மாமனாரின் இடுப்பில் இல்லாமல் தறிப் பலகையில் நூலால் கட்டியிருப்பதைப் பார்த்தாள். நூலோடு நாடா ஒரு தடவை குறுக்கே ஓடினால் அந்தத் தொங்கு பலகை ஒரு தடவை முன்னால் வந்து அடிக்கும். அது ஆட ஆட மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. மனிதர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பார்த்தாள். டம்ளரை வைத்தாள். வந்துவிட்டாள். சாயந்திரம் ஆறு மணிக்கு 10,412 என்று தன் கட்டைவிரலாலேயே அடித்து அனுப்பினாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பாராட்டு விழா. பத்தரை மணிக்குக் கல்யாண மண்டபத்தில் இருக்க வேண்டும்.

*

"கலா, நைனா வேட்டிய தேச்சியா? பட்டுக் கரை வெச்சது?"

கலாவதியின் புருஷன் குமரகுரு கிண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். சனிக்கிழமை வந்தால் ஞாயிறு சாயந்திரம் பஸ் ஏறிவிடுவான். கிளினிக்குக்குப் போகிற எண் தினம் அவன் போனுக்கும் போகும். அப்பாவின் நாற்பத்தெட்டு நாள் எண்களையும் ஆபீசில் கிராஃப் போட்டு, கலரில் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி பிரேமே போட்டுக்கொண்டு வந்திருந்தான். பச்சைக் கம்பங்கள் வரிசையாக, நெட்டையாக நின்றன.

"பார்த்தியா? எங்க ஆபீஸ்ல முப்பது வயசுக்காரன் ஒருத்தனாலயும் இது முடியாது. நைனா சிங்கம்!"

கலாவதி பார்த்தாள். முதல் ஒன்பது கம்பங்கள் கொஞ்சம் குட்டை. அப்புறம் எல்லாம் நெட்டை. நடுவில் இரண்டே இரண்டு பள்ளம். இரண்டும் அமாவாசை.

அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. நெசவாளி வீட்டுப் பிள்ளை அவன், அவனுக்கே அது உறைக்கவில்லை. முந்தாநாள் அமாவாசைக்கு 290 என்று போனதைப் பார்த்துவிட்டு போன் செய்து கேட்டான். "விரதங்க, சோர்ந்து படுத்துக்கினாரு" என்று சொன்னவள் சாட்சாத் இந்தக் கலாவதிதான். அதுவரைக்கும் சும்மா இருந்தது போய், அன்றைக்கு வாய் திறந்தே பொய் சொல்லியாகிவிட்டது.

"நீ இல்லன்னா இதெல்லாம் நடக்குமா கலா?" குமரகுரு அவள் தோளில் கை வைத்தான். "அம்மா போனதுக்கப்புறம் அவர யாரு பார்த்துப்பாங்கன்னு எனக்கு ஒரே கவலை. என் பிரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் உன்னைப் பத்திதான் பேச்சு."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவளைப் பாராட்டியது இந்த ஒரு மண்டலத்தில்தான். எண் குறைந்த நாட்களில் "வூட்ல இருந்துக்கினு இதைக்கூடப் பார்க்க முடியாதா?" என்று விழும். எண் ஏறினால் இப்படி. அந்தப் பாராட்டு அவளுக்கு வேண்டியிருந்தது. வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் கூசியது.

"ஏங்க, ஒரு விஷயம்..."

"அட, இன்னாது இது, எலி செத்த நாத்தம்?" அவன் மூக்கைச் சுளித்தான். "நேத்தே அடிச்சுது."

"நாலு நாளா தேடிக்கினு இருக்கேங்க. தறிக்குப் பின்னால, பரண் மேல, எங்கயும் கெடைக்கல. ஊதுபத்தி கொளுத்தி வெச்சுக்கினு இருக்கேன்."

"சாயந்திரம் வந்து நான் பார்க்கறேன். கிளம்பு கிளம்பு."

சொல்ல வந்தது அப்படியே நின்றுபோயிற்று.

உள்ளறையில் குமாரசாமி நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பத்து நாளாக வீட்டுக்குள்ளும் காலுறைதான். பாதத்தில் வெடிப்பு, மண் பட்டால் எரிகிறது என்றார். கலாவதி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"மாமா. வேணாம் மாமா. ஒடம்பு முடியலைன்னு சொல்லிடலாம். மேடை எல்லாம் வேணாம்."

அவர் நிமிரவில்லை.

"அன்னிக்கு காபி வெச்சிட்டுப் போனியே. அப்பவே கேட்டிருக்கணும்மா நீ."

கலாவதிக்கு முகம் சூடாயிற்று. அவள் பார்த்தது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் பாதி தெரியும். இரண்டு பேரும் மூன்று வாரமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, காபி நல்லா இருக்குது, மழை வர மாதிரி இருக்குது என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெட்கக்கேடு.

"நீ கேப்பே, நிறுத்திடலாம்னு பார்த்தேன். நீ கேக்கல. அவன் போன்ல சந்தோசப்படறான். இன்னா செய்யச் சொல்ற?" குமாரசாமி மெல்ல எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார். "வா, போலாம். இன்னியோட முடிஞ்சிடும்."

*

மண்டபத்தில் அவர்களை முதலில் பிடித்துக்கொண்டவர் பாச்சா. சின்ன காஞ்சிபுரம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. இரண்டு வருஷத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, மனைவி ரமாமணியின் தோளைப் பிடித்து நடக்கப் பழகினவர். பந்தயத்தில் இரண்டாவது.

"வாரும் குமாரசாமி! உம்மைத்தான் தேடிண்டிருக்கேன்." கையைப் பிடித்துக் குலுக்கினார். "தினம் கிளினிக்குக்குப் போய் லிஸ்டைப் பார்ப்பேன். உம்ம பேர் மேலே இருக்கும். நெசவுக்காரர், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யறவர், அவரே நடக்கறார், நமக்கென்ன கேடுன்னு மாடவீதியில இன்னொரு சுத்து போடுவேன். இடுப்பு விண்விண்ணுன்னு வலிக்கும். விடலையே!"

"சார்..." என்றார் குமாரசாமி. கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார்.

"உம்மாலதான் ஓய் நான் கம்பை விட்டேன்."

குமரகுரு பூரித்துப்போய் பிரேமைக் காட்டினான். வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கணக்கு வாத்தியார் கண்.

"பிரமாதம். ஞாயித்துக்கிழமைகூட விடலை. இந்த ரெண்டு நாள் மட்டும் ஏன் இறங்கியிருக்கு? ரெண்டும் அமாவாசையோன்னோ?"

பக்கத்து வரிசையில் பிள்ளையார்பாளையத்து நெசவாளிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். கலாவதி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பூமி பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது.

"விரதம் சார்," என்றான் குமரகுரு. "எங்க வீட்ல சொன்னாங்க."

*

பரிசு ஒரு ஜோடி நடைக்காலணி. வெள்ளை நிறம், நீலப் பட்டை. கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்தது. அளவு எட்டு என்று போனில் சொன்னதும் கலாவதிதான்.

குமாரசாமியை மேடை நாற்காலியில் உட்காரவைத்து சால்வை போர்த்தினார்கள். கை தட்டினார்கள். போட்டோக்காரர் கீழேயிருந்து கத்தினார்.

"பெரியவரே, ஷூவ மாட்டிக்கினு ஒரு போஸ் குடுங்க!"

"வூட்ல போய் மாட்டிக்கறேன்பா."

"ஒரே ஒரு போட்டோ நைனா!" குமரகுரு டிஜிட்டல் கேமராவோடு மேடைக்கே ஏறிவிட்டான். குனிந்து தானே வலது காலில் மாட்டினான். போயிற்று. இடது காலைத் தூக்கினான். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். காலுறையின் ஓரத்தில் ஈரம் படர்ந்தது.

டாக்டர் ஏலவார்குழலி பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றவர், மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்தார். சிரிப்பு போய்விட்டது.

"குமரகுரு, கைய எடுங்க." அவரே மண்டியிட்டு உட்கார்ந்தார். "மைக்க நிறுத்துங்க யாராவது."

குமாரசாமி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "வேணாம் டாக்டரம்மா. எல்லாரும் பார்க்கறாங்க. வேணாம்மா."

டாக்டர் காலுறையைச் சுருட்டிக் கழற்றினார். மேடையோரம் நின்றிருந்த கலாவதிக்கு முதலில் எட்டியது அந்த நாற்றம்தான். நாலு நாளாக அவள் பரண் மேலும் தறிக்குப் பின்னாலும் தேடிக்கொண்டிருந்த நாற்றம். எலி இல்லை. ஊதுபத்தி கொளுத்தி வைத்தாளே, பாவி.

சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்திருந்தன. பாதத்தின் அடியில் மஞ்சள் பூசிய ஒரு குழி.

"எத்தனை நாளா இருக்குது இது?"

குமாரசாமி வேட்டிக் கரையை இழுத்துக் காலை மூடப் பார்த்தார்.

"நடுவுல ஒரு தடவை பாதம் காட்ட எல்லாரையும் வரச் சொன்னேனே?"

அதற்குக் கலாவதியிடம்தான் பதில் இருந்தது. தறியில் முகூர்த்தப் புடவை, ஆள் வர முடியாது, ஆனால் நல்லா நடக்கறார் என்று கிளினிக்குக்குப் போன் செய்தவள் அவள். எண் நன்றாக இருந்ததால் அவர்களும் வற்புறுத்தவில்லை.

டாக்டர் குமரகுருவிடம் திரும்பினார். "இதோட இவர் தினமும் பத்தாயிரம் அடி நடந்திருந்தா எலும்பு வரைக்கும் போயிருக்கும். நான் இப்ப சென்னைக்கு போன் பண்ணணும். சர்ஜன் கேட்பார். உண்மையா எவ்ளோ நடந்தாரு?"

"நடந்திருக்காரே டாக்டர். மீட்டர்ல இருக்குதே. இதோ..." குமரகுரு அந்த பிரேமைத் தூக்கிக் காட்டினான். "மீட்டர் பொய் சொல்லுமா?"

குமாரசாமி தலையைக் குனிந்துகொண்டார். சால்வை நழுவி மடியில் விழுந்தது. முதல் வரிசையில் பாச்சா எழுந்து நின்றிருந்தார்.

கலாவதி மேடை ஏறினாள்.

"அவரு நடக்கல டாக்டர்," என்றாள். "தறிதான் நடந்துச்சு."

"என்ன?"

"மீட்டர தறிப் பலகைல கட்டியிருந்தாரு. அது ஆடும்போதெல்லாம் எண் ஏறும். முதல் ஒம்பது நாள்தான் அவரு நடந்தது."

மைக்கை நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

குமரகுரு அவளையே பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தினி நாளா?"

"மூணு வாரமா."

அவன் பிரேமை மேடை மேல் குப்புற வைத்தான்.

"அவள ஒண்ணும் சொல்லாதடா." குமாரசாமி இப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் நடக்கத்தான் நடந்தேன். நீதான சொன்ன, ரோட்ல நடந்தா வண்டி வாசி, ஏகாம்பரநாதர் கோயில்ல நடங்க நைனா, நடந்தாப்லயும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சுன்னு. வேலைய விட்டு, நட சாத்தறதுக்கு முன்னால உச்சி வெயில்லதான் போக முடிஞ்சுது. கோயில்ல செருப்பு எங்க போடறது? சர்க்கரைல மரத்துப்போன காலு, கல்லு சுட்டது எனக்குத் தெரியவே இல்லடா. ஒம்பதாம் நாள் வூட்டுக்கு வந்து பார்த்தா பாதத்துல தோலு இல்ல."

"அப்பவே காட்டியிருக்கலாமே ஐயா!" என்றார் டாக்டர். "செருப்பில்லாம நடக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனே."

"கோதண்டபாணி காட்டினான். என் கூட்டாளி. சுண்டுவிரல்ல சின்னப் புண்ணு. முழங்காலோட போச்சு. தறிக்குழில கால உட முடியாம செத்தான்." அவர் பாதத்தைக் காட்டினார். "மஞ்ச வெச்சேன். ஆறிடும்னு இருந்தேன். ஆற வரைக்கும் இவன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு... பலகைல கட்டிட்டேன்."

குமரகுரு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

குமாரசாமி முதல் வரிசையைப் பார்த்துக் கை கூப்பினார். "சார். இது உங்க பரிசு. உங்களுதுதான். என்னை மன்னிச்சிடுங்க சார்."

பாச்சா பக்கத்தில் வந்தார். கூப்பின கைகளைப் பிரித்துவிட்டார். "பரிசு கிடக்கட்டும் ஓய். என்னை நடக்க வெச்சது பொய்யாவே இருக்கட்டும், நான் நடந்தது நிஜம்தானே? காலைக் காப்பாத்திண்டு வாரும். நாம ரெண்டு பேரும் சேர்ந்து மெதுவா நடக்கலாம்." அதற்கு மேல் முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. கலாவதிக்கு அப்படித்தான் தோன்றியது.

குமரகுரு எழுந்து வந்து அப்பாவை முதுகில் சுமந்துகொண்டான். மேடைப் படி இறங்கி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, தெரிந்த முகங்கள் அத்தனைக்கும் நடுவே, சென்னைக்குப் போக டாக்டர் வரவழைத்துத் தெருமுனையில் நின்ற வேனுக்கு நடந்தான். பின்னால் கலாவதி, அந்த வெள்ளைக் காலணியில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு.

வேனில் குமாரசாமி அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். குமரகுரு டிரைவர் பக்கத்தில். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் அவர் அவள் கையைச் சுரண்டினார்.

"கலா. கட்டைவிரல் ஒண்ணு இருந்தாப் போதும், தறிய மிதிச்சுக்குவேன். அதுக்கு மேல எடுக்கணும்னு சொன்னா கையெழுத்துப் போடாத. உசுரு போவட்டும்னு உட்டுடு. அவன்கிட்ட சொல்லாத. உன்கிட்டதான் சொல்றேன்."

அவள் தலையாட்டினாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை.

*

சென்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் சாயந்திரம் ஆறு மணி. செல்போன் சிணுங்கியது. மண்டலம் முடிந்துபோனது கிளினிக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இன்று எத்தனை அடி என்று கேட்டிருந்தது.

நர்ஸ் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன சட்டையின் பையில், காலையில் அவர் போட்டுக்கொண்டு வந்த மீட்டர் இருந்தது. கலாவதி எடுத்துப் பார்த்தாள். 386. அதில் மாமனார் நடந்தது எத்தனை, அவரைச் சுமந்து மகன் நடந்தது எத்தனை, யாரால் பிரிக்க முடியும்? வழக்கம்போல விரல் எண்ணை அடித்துவிட்டது. அழித்தாள். "தெரியாது" என்று அடித்து அனுப்பினாள்.

குமரகுரு ஒரு காகிதமும் பேனாவுமாக வந்தான். மண்டபத்தில் கேட்டதோடு சரி, அப்புறம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது.

"தொறந்து பார்த்தாதான் தெரியுமாம். ரெண்டு விரலோட நிக்கலாம். கணுக்கால் வரைக்கும் போவலாம். எதுக்கும் சரின்னு கையெழுத்துக் கேக்கறாங்க. லேட் பண்ணா உயிருக்கே ஆபத்துன்றாங்க." காகிதம் அவன் கையில் மடங்கியது. "நான் போட்டேன்னா நைனா என் முகத்துல முழிப்பாரா? கோயில்ல நடக்கச் சொன்னதும் நான், கால எடுக்கச் சொன்னதும் நானா?"

கதவுக்கு அந்தப் பக்கம் சக்கர வண்டி உருளும் சத்தம் கேட்டது.

"வேன்ல உன்கிட்ட ஏதோ சொன்னாரு. கண்ணாடில பார்த்தேன்." குமரகுரு முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினான். திட்டவில்லை. கெஞ்சினான். "இன்னா சொன்னாரு கலா? இந்த ஒரு தபாவாச்சும் மறைக்காத."

கலாவதி உள்ளங்கையில் இருந்த மீட்டரைப் பெஞ்சின் மேல் வைத்தாள். அவனிடமிருந்து காகிதத்தையும் பேனாவையும் வாங்கிக்கொண்டாள்.

"சொன்னாரு," என்றாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு. சொல்றேன், கேளுங்க."